மாமன் நின்ற இடம்

நான் ஓய்வு பெற்றபின் என் கதிரைக்கு வந்த பிள்ளை போன கிழமை தொலைபேசி எடுத்தாள். "அன்ரி, உங்கட நாலாவது கேள்வியை எடுத்திட்டினம். இப்ப கொம்பியூட்டரில ஒரு சின்னப் பெட்டி. ஓம் எண்டா ஒரு கிளிக், இல்லையெண்டா ஒரு கிளிக். சோ ஈஸி!"

"நல்லாயிருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு தேத்தண்ணியைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டேன். ஒரு மனிசனைத் தின்ற கேள்வி அது. அதற்கு இப்போது ஒரு பெட்டியாம். கோதாரி.

அவளும் அவளோடு வேலை செய்கிற மற்றப் பிள்ளைகளும் "என்ன நடந்தது அன்ரி, எழுதுங்கோவன்" என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் நான் வேலை செய்த கந்தோரின் பெயரும் அதன் தலைவரின் பெயரும் இதில் வராது. அரசாங்கத்தின் மிகப் பெரிய கதிரைகளில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்தவரை நாங்கள் 'பெரியவர்' என்போம். நாங்கள் என்றால் நானும் முகுந்தனும். கந்தோர் இருந்த அந்தத் தளத்தில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான்.

என் கதை பெரிதாக ஒன்றுமில்லை. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், தட்டெழுத்தாளராக இருந்தேன். ரொறன்ரோவுக்கு வந்து பிஸ்கட் பக்டரியில் பெட்டி அடுக்கினேன். ஏஜென்சிக்காரன் ஒருவன் இரண்டு கிழமைக்கு என்று ஓர் அரசாங்கக் கந்தோருக்கு அனுப்பினான். அந்த இரண்டு கிழமை நான் ஓய்வு பெறும்வரை நீண்டது. குளிரும் பஸ்சும் அவமானமும் எல்லாரும் பட்டதுதான், அதை நான் வேறு எழுதவேண்டியதில்லை.

கடைசியாக நான் பார்த்த வேலை, பெரியவரைச் சந்திக்க வருகிறவர்களுக்கு நேரம் கொடுப்பது. கேட்க இலேசாக இருக்கும். வந்து இருந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொருத்தனும் தன் அலுவல்தான் நாட்டின் தலையாய அலுவல் என்று நம்பிக்கொண்டு தொலைபேசி எடுப்பான். மூன்று கேள்வி கேட்பேன். நீங்கள் யார்? என்ன வேண்டும்? உங்களுக்காக இங்கே ஏற்கெனவே யாராவது பேசினார்களா? மூன்றாவதில்தான் பாதிப்பேர் தடுமாறுவார்கள்.

நாலாவது கேள்வியைக் கொண்டுவந்தவர் முகுந்தன். இந்தக் கந்தோரில் யாருக்காவது நீங்கள் சொந்தமா?

முகுந்தன் பெரியவரின் வலதுகை. பெரியவர் ஒரு கூட்டத்தில் என்ன சொல்லவேண்டும், யாரோடு கைகுலுக்கவேண்டும், யாரைக் கண்டும் காணாமல் போகவேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். சின்ன வயதில் தாயோடு அகதியாக வந்து, ரொறன்ரோவின் மில்லிக்கன் பக்கத்தில் ஒரு வீட்டு நிலக்கீழ் அறையில் வளர்ந்த பிள்ளை. வெள்ளைக்காரர் முன்னால் அவர் என்னை ஆங்கிலத்தில் மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கதவைச் சாத்தினால் நான் அக்கா, அவர் தம்பி.

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. பேனையை மூடி மேசையில் வைப்பார். அந்த மூடி 'டிக்' என்று விழுந்தால் அறையில் இருக்கிறவர்கள் தங்கள் காகிதங்களைத் தேடத் தொடங்குவார்கள். ஒரு தீபாவளிக்கு யாரோ வியாபாரி பெரிய இனிப்புப் பெட்டி அனுப்பிவைத்தான். முகுந்தன் அதை நன்றி எழுதித் திருப்பி அனுப்பினார். அடுத்த நாள் தன் காசில் லட்டு வாங்கிவந்து தளம் முழுக்கக் கொடுத்தார்.

"உமக்கு விசர் தம்பி. ஒரு லட்டில என்ன கிடக்கு?" என்றேன்.

"அக்கா, எங்கட ஆள் ஒருத்தன் பெரியவரின்ர கதவுக்குள்ள வாறது இதுதான் முதல்தரம். நான் ஒருக்காச் சறுக்கினா, பிறகு ஒரு தமிழ்ப் பிள்ளையையும் உள்ளுக்கு விடாங்கள்."

நாலாவது கேள்வியின் நடைமுறையையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. வருகிறவரிடம் மட்டுமல்ல, அந்தச் சந்திப்பில் இருக்கப்போகிற எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பேன். சொந்தம் என்றால் அவர் அறைக்குள் போகக்கூடாது. ஏன் போகவில்லை, என்ன உறவு என்று தன் கையால் எழுதி ஒப்பம் வைக்கவேண்டும். அந்தக் காகிதத்தை எந்தப் பத்திரிகைக்காரனும் கேட்டு வாங்கலாம். சும்மா பழக்கம், ஒரே ஊர், ஒன்றாகப் படித்தோம் என்பதெல்லாம் கணக்கில்லை. இரத்த உறவும் கலியாண உறவும்தான். ஒருமுறை எங்கள் கந்தோர்ப் பெண் ஒருத்தியை, அவளது புருசனின் தம்பி மனைவி வருகிறாள் என்பதற்காக வெளியே இருத்தினார். அவள் ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் கவலைப்படவுமில்லை.

இனி வதனியைப் பற்றி. முகுந்தனின் மனைவி. அவளுக்கு ஒரேயொரு அண்ணன். ஊரில் நடந்த போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். முகாமில் கண்டோம் என்றார்கள் சிலர். எல்லாம் முடிந்தது என்றார்கள் சிலர். வதனிக்கு எதுவும் முடியவில்லை. அண்ணனின் படத்துக்கு மாலை போட விடமாட்டாள். திவசம் கிடையாது. மரணச் சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்று ஊரிலிருந்து உறவுக்காரர் சொன்னபோது தொலைபேசியைச் சுவரில் எறிந்தாளாம். மற்றப்படி சிரித்துக் கதைக்கிற, நன்றாகச் சமைக்கிற, சாதாரணமான பிள்ளை. அந்த ஒரு இடத்தில் மட்டும் தொடேலாது.

அவர்களின் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீடு, அதுதான் பூப்புனித நீராட்டு விழா, வைத்தார்கள். ரொறன்ரோவில் நாங்கள் அதை எப்படி வைப்போம் என்று தெரியும்தானே. மண்டபம், மணவறை, நாலு கமெரா, ஒலிவாங்கியோடு ஓர் அறிவிப்பாளர், குடும்பம் குடும்பமாக மேடையேறிப் படம் எடுக்க ஒரு நீள வரிசை. முகுந்தன் அளவாகத்தான் செய்தார், தன் காசில் செய்தார். பிரச்சினை ஒன்றுதான். பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்க்கவேண்டியவர் தாய்மாமன். அந்த இடத்தில் யாரை நிறுத்துவது?

ராஜனை நிறுத்தினார்கள். முகுந்தனும் தாயும் வந்திறங்கியபோது தன் வீட்டு நிலக்கீழ் அறையைக் கொடுத்தவர் அவர்தான். பிறகு வீடுகள் கட்டி விற்றுப் பெரிய ஆளானவர். வதனி கடைசியில் சம்மதித்தாள், ஒரு கண்டிசனோடு. உடுப்பு மாற்றுகிற அறையில் நான் பக்கத்தில் நின்றேன். அறிவிப்பாளரைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"தம்பி, தாய்மாமன் எண்டு சொல்லக்கூடாது. தாய்மாமன் சார்பில எண்டு சொல்லவேணும். விளங்குதோ? அண்ணா வருமட்டும் அவர் அந்த இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், அவ்வளவுதான்."

"ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றான் அந்தப் பேயன். மேடையில் பாட்டும் புகையும் வந்தவுடன் எல்லாம் மறந்துபோயிற்று. "இதோ, எங்கள் செல்வியின் தாய்மாமன், பிரபல தொழிலதிபர்!" என்று மண்டபம் அதிரக் கத்தினான். கமெரா நாலும் திரும்பின. ராஜன் கும்பிட்டுக்கொண்டு ஏறினார். வதனியின் முகம் செத்துப்போயிற்று. வீடியோக்காரன் அந்தக் காட்சித் துண்டைத் தன் விளம்பரத்துக்கு இணையத்திலும் போட்டான். நாங்களும் பார்த்து, நல்லாயிருக்கு என்றோம்.

மறு வருசம் அரசாங்கக் காணி சில விற்பனைக்கு வந்தன. ராஜனின் கம்பனி பெரியவரைச் சந்திக்க நேரம் கேட்டது. நான் நாலு கேள்வியும் கேட்டேன். நாலாவதுக்கு இல்லை என்றார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. முகுந்தனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"தம்பி, ராஜன் வாறார். நீர் வெளியில இருக்கிறது நல்லதெல்லோ?"

"ஏனக்கா? சொந்தமில்லையே."

"மாமனா நிண்டவர்."

பேனையை மூடினார். என்னில் கோபமில்லை, அது எனக்குத் தெரியும்.

"வெளியில இருந்தா உறவு என்னெண்டு எழுதவேணும் அக்கா. நான் என்னெண்டு எழுதுறது? மனிசியின்ர அண்ணை எண்டோ? அவளுக்கு ஒரு அண்ணைதான். ஆரும் வாங்கிப் பாக்கக்கூடிய பேப்பரில நான் ராஜன்ர பேரை அந்த இடத்தில எழுதினா, அவள் அதை வாசிச்சா..."

"பழக்கம் எண்டு எழுதும்."

"பழக்கத்துக்கு வெளியில போகத் தேவையில்லை எண்டு எழுதி வைச்சவனே நான்தான். அப்பிடிப் பாத்தா ரொறன்ரோவில எந்தத் தமிழன் வந்தாலும் நான் வெளியிலதான் நிக்கவேணும்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "இரத்தத்தில இல்லை. கலியாணத்தில இல்லை. நான் பொய் சொல்லேல்லை அக்கா."

சொல்லவில்லைதான். அவர் அந்தச் சந்திப்பில் இருந்தார். பெரியவரும் ராஜனும் கதைத்தார்கள், இவர் குறிப்பு எடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

காணி மலிவாகப் போனது என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. ராஜனின் கம்பனிக்கு மட்டுமல்ல, வேறு சிலருக்கும். யாரோ எங்கேயோ லஞ்சம் வாங்கியிருக்கிறார்கள், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அரசாங்கம் விசாரணைக்குழு அமைத்தது. ஒவ்வொருவரும் தன் தலையைக் காப்பாற்றப் பக்கத்தில் நின்றவனைக் காட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகையாளரின் கையில் அந்த வீடியோ அகப்பட்டது. மறுநாள் அதுதான் எல்லாச் செய்தியிலும். ஊழல் விசாரணை, உதவியாளர், மாமன். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தது மாதிரி, அதே மண்டபத்தில் வயிறாரச் சாப்பிட்டவர்கள் தமிழ் வானொலிக்குத் தொலைபேசி எடுத்து, "எங்களுக்கு அப்பவே தெரியும்" என்றார்கள்.

முகுந்தன் சாட்சி சொன்னதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஏன் ராஜன் அந்த இடத்தில் நின்றார் என்று கேட்டார்கள். "அது என் குடும்ப விடயம். அதற்குப் பதில் சொல்லமாட்டேன்" என்றார். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நான் கதிரையைவிட்டு எழும்பித் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். "சொல்லும் தம்பி! வாயைத் திறந்து சொல்லும்!" சொன்னால் என்ன? மாமன் செத்துப்போனார், நிற்க ஆளில்லை, உதவி செய்த மனிசனை நிறுத்தினோம். ஒரு வசனம். கேட்கிறவன் மனிசன் என்றால் விளங்கும்.

அடுத்தது என் முறை. விசாரணை மண்டபத்து வாசலில் முகுந்தனின் வழக்கறிஞர், ஒரு கெட்டிக்கார வெள்ளைக்காரப் பெண், என்னிடம் வந்தாள். "அந்தத் தாயின் சகோதரர் போரில் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். என் கட்சிக்காரர் அதைப்பற்றி என்னோடும் கதைக்க மறுக்கிறார். உங்களுக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லுங்கள், போதும். இறந்த ஒருவருக்குப் பதிலாக நின்றார் என்றால் அது சடங்கு. உயிரோடு இருக்கிற சகோதரரைத் தள்ளிவிட்டு ஒரு வியாபாரியை அந்த இடத்தில் வைத்தார்கள் என்றால், அது உறவு."

நான் தலையாட்டினேன். சொல்லத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது, தமிழில் எழுதுகிறேன். வீடியோவைப் பெரிய திரையில் ஓடவிட்டார்கள். அறிவிப்பாளன் கத்தினான். ராஜன் ஏறினார். ராஜனின் முகத்தில் படத்தை நிறுத்தினார்கள். பின்னால் வதனியின் முகம் மங்கலாகக் கிடந்தது, அதை ஒருவரும் பார்க்கவில்லை.

"உங்கள் சமூகத்தில் அந்த இடத்தில் நிற்பவர் யார்?" என்று கேட்டார் விசாரணைக்குழுவின் வழக்கறிஞர்.

"தாயின் சகோதரர்."

"இந்தத் தாய்க்குச் சகோதரர் இல்லையா?"

அப்போதுதான் கண்டேன். கடைசி வரிசையில் வதனி இருந்தாள். சாம்பல் கோட்டு, மடியில் கைப்பை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருசனுக்காகக் கெஞ்சுகிற பார்வை என்றால் நான் தப்பியிருப்பேன். அது வேறு. வைத்தியர் அறிக்கையைத் திறக்கும்போது பார்ப்போமே, அந்தப் பார்வை.

"ஒருவர்" என்றேன். "போர் முடிகிற நேரத்தில்..."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா?"

எந்த அரசாங்கமும் அவர் இறந்தார் என்று எழுதித் தரவில்லை. எந்த உடலையும் ஒருவரும் காணவில்லை. நான் சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன். இறந்தார் என்று சொல்ல எனக்கு என்ன சாட்சி? இருக்கிறார் என்று சொல்லத்தான் என்ன சாட்சி? முகுந்தனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் பேனை மூடிக் கிடந்தது.

"இருக்கிறார்" என்றேன்.

"எங்கே இருக்கிறார்?"

"தெரியாது."

"விழாவுக்கு வந்தாரா?"

"இல்லை."

"நன்றி" என்றார் விசாரணை வழக்கறிஞர். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சகோதரர் ஒருவர் இருக்க, அவரை விட்டுவிட்டு ராஜனைச் சகோதரராக ஏற்றுக்கொண்ட குடும்பம். முகுந்தனின் வழக்கறிஞர் துள்ளி எழும்பினாள், குறுக்குக் கேள்வி கேட்க. முகுந்தன் அவளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து இருத்தினார். அவள் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். அவள் இன்னொருதரம் எழும்பினாள். அவர் இன்னொருதரம் இழுத்தார். அவளுக்குக் கண் கலங்கியதை நான் சாட்சிக் கதிரையில் இருந்து கண்டேன். "வேறு கேள்விகள் இல்லை" என்றாள்.

நெருங்கிய குடும்ப உறவை மறைத்தார் என்று அறிக்கை வந்தது. ஒரு சதம் வாங்கியதாக அதில் எங்கேயும் இல்லை. ஆனால் அதை யார் வாசித்தார்கள்? பெரியவர் கமெராக்களுக்கு முன் வந்து, நம்பியவனே ஏமாற்றிவிட்டான் என்றார். சொல்லும்போது குரல்கூடத் தழுதழுத்தது, அந்த மனிசன் நல்ல நடிகர். அடுத்த தேர்தலிலும் வென்றார். ராஜனின் கம்பனி வேறு பெயரில் இன்றும் வீடு கட்டுகிறது. சுறா எல்லாம் வலையைக் கிழித்துக்கொண்டு போயிற்று, ஒரு சின்னச் சூடை மீன் மாட்டியது.

முகுந்தன் வேலை தேடிப் போன இடமெல்லாம், கொம்பியூட்டரில் பெயரைத் தட்டினால் அந்த வீடியோ வந்தது. இப்போது ஒஷாவாவில் ஒரு களஞ்சியத்தில் சாமான் ஏற்றி இறக்குகிறார். அவருக்குப் பிறகு அந்தத் தளத்துக்கு வேறொரு தமிழர் வரக் கனகாலம் எடுத்தது. அவர் பயந்ததும் அதைத்தான்.

நான் செய்தது சரியா என்று பிள்ளைகள் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. எப்படிச் சொல்லியிருந்தாலும் அந்த மண்டபத்தில் ஒருவரைக் கொன்றிருப்பேன். கடவுளுக்கு அப்படி ஒரு விளையாட்டு. கடவுளோடு இப்போது எனக்கு அவ்வளவு பேச்சுவார்த்தை இல்லை.

ஒன்று மட்டும் எழுதவேண்டும். அறிக்கை வந்து சில மாதத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை வதனி மில்லிக்கனில் என் வீட்டுக்கு வந்தாள். யன்னலால் கண்டேன். திட்டப்போகிறாள், திட்டட்டும், நியாயம்தானே என்று கதவைத் திறந்தேன். வாசலில் காரில் முகுந்தன் இருந்தார். வேலைக்குப் போகிற மஞ்சள் மேலங்கி போட்டிருந்தார். இறங்கவில்லை. எனக்குக் கையை உயர்த்திக் காட்டினார்.

வதனி கதிரையில் இருக்கமாட்டேன் என்றாள். தேத்தண்ணியும் வேண்டாமாம்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் அங்க சொன்னதெல்லாம் எழுத்தில இருக்குமோ?"

"இருக்கும் பிள்ளை. எல்லாம் பதிவுதான்."

"அந்தப் பக்கத்தை எனக்கு எடுத்துத் தருவீங்களோ?"

ஏன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கொம்பியூட்டரில் தேடி அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கொடுத்தேன். அவள் நின்றபடியே விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். என் பதிலுக்கு வந்ததும் விரல் நின்றது. முகம் மலர்ந்தது. அந்த வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் பிறகு அப்படி ஒரு மலர்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை.

"எல்லாரும் இல்லை இல்லை எண்டினம் அக்கா. நீங்கள் ஒராள்தான் சத்தியம் பண்ணி இருக்கிறார் எண்டு சொன்னீங்கள். பாருங்கோ, கனடா அரசாங்கத்தின்ர பேப்பரில அண்ணா இருக்கிறார் எண்டு கிடக்கு. இனி ஆரும் இல்லையெண்டு சொல்லேலாது."

என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். காகிதத்தை மடிக்காமல், கசங்கிவிடும் என்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

யன்னலில் நின்று பார்த்தேன். காருக்குள் ஏறியதும் அதை முகுந்தனிடம் நீட்டி, விரலால் அந்த இடத்தைக் காட்டினாள். தன்னை முடித்த வரியை அவர் வாசித்தார். வாசித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்து, ஓம் என்று தலையாட்டினார். அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். கனநேரமாகியும் அவர் காரை எடுக்கவில்லை.